சந்திரனில் வெள்ளம்

ராக்கெட்டின் வாலை மிதித்து உடைத்தது நான்தான். ஒத்திகையில் கமாண்டர் நடை கொஞ்சம் கம்பீரமாகிவிட்டது. ஆனால் மறுநாள் காலை சந்திரனே முழங்கால் தண்ணீரில் மூழ்கிக் கிடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

சந்திரன் என்பது மரக்காணம் உப்பளத்தில் ஒரு காய்ந்த பாத்தி. அங்கே நான் கிளார்க். கட்சி இரண்டாக உடைந்த வருஷம் அது. எங்கள் ஆட்களும் உடைந்தார்கள். பாத்தியின் களிமண் தரையை இருபது பேர் வரிசையாக நின்று, ஒரே தாளத்தில் மிதித்து இறுக்கினால்தான் உப்பு வெள்ளையாக விளையும். கன்னியப்பன் கோஷ்டி நிற்கிற வரிசையில் சகாதேவன் கோஷ்டி நிற்காது. பொங்கலுக்குள் மிதித்து முடிக்காவிட்டால் வெளியூர் ஆள் வரும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இவர்களைச் சேர்த்து வைக்கத்தான் நாடகம் எழுதினேன். சந்திரனில் தமிழர் குடியிருப்பு, அங்கேயும் இரண்டு கட்சி. காற்று மெஷினை யாரோ கெடுத்துவிடுகிறார்கள். கமாண்டர் துப்பறிந்து, கடைசியில் ஒற்றுமை பற்றி நாற்பது நிமிஷம் பேசுவார். கமாண்டர் நான்.

இப்போது நிஜமாகவே துப்பறிய வேண்டியதாயிற்று. யாரோ மதகுப் பலகையைத் தூக்கி உப்பங்கழித் தண்ணீரை உள்ளே விட்டிருந்தார்கள். அட்டை ராக்கெட் கூழாகிவிட்டது. கரையில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. மெழுகின மாதிரி வழவழவென்று கிடந்தது.

"சகாதேவன் ஆளுங்கதானே?" என்று கன்னியப்பனைக் கேட்டேன்.

"சேச்சே, அவன் தங்கமான ஆளு சார்."

சகாதேவனிடம் போனேன்.

"கன்னியப்பன் மேல பழி போடாதீங்க சார். புள்ளகுட்டிக்காரன்."

டீக்கடையில் பால் திரிந்தால்கூட எதிர்க்கோஷ்டி சதி என்கிறவர்கள் இவர்கள். எவனோ பெரிய ரவுடி மிரட்டி வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டி, போலீசுக்கு எழுத உட்கார்ந்தேன்.

அஞ்சம்மாள் வந்து பேனாவைப் பிடுங்கினாள். நாடகத்தில் பூமியின் மகாராணி. நிஜத்தில் கன்னியப்பனின் தங்கை, சகாதேவனின் சம்சாரம்.

"யாரை உள்ள தள்ளப் போறீங்க?"

"மதகைத் தொறந்தவனை."

"அப்ப மொத்த உப்பளத்தையும் தள்ளுங்க. பலகைய எங்கண்ணன் ஒரு பக்கம் புடிச்சுது, எங்க வீட்டுக்காரு ஒரு பக்கம். தடத்த எல்லாருமா மிதிச்சு அழிச்சோம்."

"எல்லாருமா? ஏம்மா?"

அவள் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.

"உங்க மனசு நோகுமேன்னுதான் சார் யாரும் சொல்லல. அந்த நாப்பது நிமிஷத்த இன்னொரு தபா கேக்கறதுக்கு, காலம்பூரா பக்கத்துல பக்கத்துல நின்னு மிதிக்கிறதே தேவலைன்னு ரெண்டு கோஷ்டியும் ஒண்ணாச் சேந்துட்டாங்க."