இரண்டாவது சாம்பிள்

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை, காலை பத்து மணி. பரளச்சியில் நாகராஜ் வீட்டு முன்னால் அறுபது மூட்டை குதிரைவாலி அடுக்கியிருந்தது. பக்கத்தில் ஒரு காலி லாரி நின்றது.

"ஏலே, ஒரு இடத்துல உக்காரு. நீ நடக்குற நடையில எனக்குத் தலை சுத்துது," என்றான் பக்கத்துக் காட்டுக்கார மாரிக்கண்ணன்.

நாகராஜ் உட்கார்ந்தான். உடனே எழுந்துவிட்டான்.

வாசலில் நாற்காலி போட்டு நவநீதகிருஷ்ணன் போனைப் பார்த்தபடி இருந்தார். குழந்தைகளுக்குச் சத்துமாவு தயாரிக்கும் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றின் கொள்முதல் அதிகாரி. லேபிலிருந்து ஒரே ஒரு மெசேஜ் வர வேண்டும்.

முதல் சாம்பிள் தேறவில்லை. அனுமதித்த அளவைப்போல் ஏழு மடங்கு ஈயம். அது வழக்கப்படி நாகராஜே கவரில் போட்டு, பெயரெழுதிக் கொடுத்தனுப்பியது. இரண்டாவது சாம்பிளுக்கு அதிகாரியே வந்தார். தைத்த மூட்டைகளில் பத்தைப் பிரித்துத் தன் கையால் அள்ளிக்கொண்டு போனார். இதுவும் தேறாவிட்டால், பரளச்சியில் பதிந்திருக்கும் இருபத்திரண்டு விவசாயிகளிடமும் இனி கம்பெனி ஒரு மணி தானியம்கூட வாங்காது. மாரிக்கண்ணனும் அந்த இருபத்திரண்டில் ஒருவன்.

"ஈயம், ஈயம்னு ஏன் சார் இந்தப் பாடு படுத்துறீக? எங்காத்தா காலம் பூரா ஈயம் பூசுன பாத்திரத்துலதான் ஆக்குச்சு. எழுபத்தெட்டு வயசுல இன்னும் ஆடு மேய்க்கிது," என்றான் மாரிக்கண்ணன்.

"அது வெள்ளீயம். இது வேற," என்றார் அதிகாரி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "பெரியவங்க உடம்பு கொஞ்சம் தாங்கும். சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் ஆகாது. ரத்தம் குறையும், மூளை வளர்ச்சி மட்டுப்படும். வெளியில ஒண்ணும் தெரியாது. அதான் இவ்வளவு கெடுபிடி."

நாகராஜின் மனைவி சத்யபிரியா டீ கொண்டுவந்தாள். இடுப்பில் இரண்டு வயது மகள் சிணுங்கிக்கொண்டிருந்தாள்.

"உரத்துல இருந்து வருமா சார்?" என்று கேட்டான் நாகராஜ். காலையிலிருந்து மூன்றாவது முறை.

"வரலாம். நீங்க என்ன போட்டீங்க?"

"எல்லாரும் போடுறதுதான். உரம், களைக்கொல்லி."

"அதெல்லாம் விக்கிற காட்டுக்குத்தான் சார்," என்று இடையில் புகுந்தான் மாரிக்கண்ணன். "இவுக சாப்பாட்டுக்குன்னு வீட்டுக்குப் பின்னால அரை ஏக்கர் தனியா இருக்கு. அதுல ஒரு சொட்டு மருந்து விழாது. அருப்புக்கோட்டையில இருந்து மக்குன குப்பை வருசா வருசம் டிராக்டர்ல வந்து இறங்கும். ஊரான் பிள்ளைக்கு ஒண்ணு, தன் பிள்ளைக்கு ஒண்ணு."

"நீங்க மட்டும் என்னவாம் அண்ணே?" என்றாள் சத்யபிரியா. "உங்க வீட்டு வெண்டிக்காய்ப் பாத்திகிட்ட மருந்து டப்பாவக் கொண்டு போயிருக்கீகளா?"

"நான் இல்லைன்னு சொல்லலையே தாயி. ஊரே அப்படித்தான். உம் புருசன் மாட்டிக்கிட்டான், அம்புட்டுத்தான்."

அதிகாரியே சிரித்துவிட்டார். நாகராஜ் சிரிக்கவில்லை. ஒரு மூட்டையைத் தடவினான். தையலை இழுத்துப் பார்த்தான். இந்தத் தடவை என்ன வரும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. முதலில் வந்ததைவிட மோசமாகத்தான் வரும்.

"டிரைவர் கிளம்பணுங்கிறார் சார். வேணும்னா நீங்களும் கிளம்புங்க. முடிவைப் போன்ல சொல்லிருங்க," என்றான்.

"ஏலே, என்ன பேசுற? இருபத்திரண்டு குடும்பம்லே," என்றான் மாரிக்கண்ணன்.

போன் ஒலித்தது. நவநீதகிருஷ்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். பிறகு இன்னொரு முறை படித்தார்.

"தேறிடுச்சு," என்றார். "பத்து மூட்டையும் சுத்தம். ஈயம் இருக்கிறதாவே தெரியலைன்னு போட்டிருக்காங்க."

மாரிக்கண்ணன் அப்படியே மூட்டை மேல் சாய்ந்துவிட்டான். சத்யபிரியா மகளை இறக்கிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப மொதல்ல பாத்தது லேபுக்காரன் தப்பு. ஏழு மடங்குன்னு சொல்லி எங்களுக்குப் பதினஞ்சு நாள் தூக்கத்தக் கெடுத்தானே, அவனை ஒரு நாளைக்கு இங்க வந்து களையெடுக்கச் சொல்லுங்க சார்," என்றான் மாரிக்கண்ணன்.

"தப்பு இல்லைங்க. அந்த முதல் கவர்ல மிச்சமிருந்ததையும் இதோட வச்சுத் திரும்பப் பார்த்திருக்காங்க. அதே ஏழு மடங்குதான்." அதிகாரி நாகராஜைப் பார்த்தார். "பழைய பேட்டரி, பெயிண்டு டப்பாவெல்லாம் கிடந்து மக்கின டவுன் குப்பை போட்ட மண்ணுலதான் இவ்வளவு பார்த்திருக்கேன். அந்தக் கவருக்கு எந்த மூட்டையில எடுத்தீங்க?"

நாகராஜ் மனைவியிடம் திரும்பினான்.

"பாப்பாவுக்கு இன்னைக்குக் கஞ்சி குடுத்துட்டியா?"

"விடிஞ்சதுமே குடுத்தாச்சு. வயித்து வலின்னு அழுதா, அப்புறம் இன்னொரு கிண்ணமும் ஊட்டிவிட்டேன். இப்ப எதுக்கு அது?"

உரம் போட்ட மூட்டைகளை நம்பாமல், மகளின் கஞ்சிக்கென்று டிரம்மில் வைத்திருந்த வீட்டுக்காட்டுத் தானியத்தைத்தான் அவன் அந்தக் கவரில் போட்டு அனுப்பியிருந்தான். அறுபது மூட்டையையும் ஏற்றிக்கொண்டு லாரி மதியம் புறப்பட்டது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில், மகளின் ரத்தத்தைப் பரிசோதிக்க நாகராஜும் சத்யபிரியாவும் மதுரைக்குப் போனார்கள்.