அவளுக்கு விடியும் நேரம்

சென்னீர்குப்பத்து நெடுஞ்சாலையில் லாரிகள் இரைகின்றன. கல்லில் வேகும் தோசை கவிப்பிரியாவுக்குக் காலை டிபன், அவள் கணவன் உதயகுமாருக்கு ராச்சாப்பாடு. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன், யூனிஃபார்ம் சட்டையைக்கூடக் கழற்றாமல், சமையலறை நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்து அவளுடைய பரீட்சைப் புத்தகத்தைப் பிடித்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை குரூப் ஃபோர் தேர்வு. சாயங்காலம் எத்தனை முறை படித்தாலும் மண்டையில் ஏறாததெல்லாம், தூங்கி எழுந்த இந்த நேரத்தில் அவள் நுனிநாக்கில் வந்து நிற்கிறது. “ஒடம்புல பெரிய உறுப்பு எது?” “தோலு,” என்கிறாள், மாவைச் சுழற்றிக்கொண்டே. “கரெக்டு.” அவன் புரட்டிய பக்கம் நழுவி, திரும்பவும் பழைய இடத்திலேயே விழுகிறது. “ஒடம்புல... பெரிய உறுப்பு எது?” “இப்பதானய்யா கேட்ட?” “கேட்டனா?” கூச்சத்தோடு சிரிக்கிறான். “எனக்கு ஒண்ணும் நிக்க மாட்டேங்குது கவி. நீ சொல்லு.” “தோலு,” என்கிறாள், முதல் தடவை கேட்டவள் போல.

அடுத்த கேள்வி வரவில்லை. திரும்பிப் பார்க்கிறாள். இளவெயில் அவன் மூடிய இமைகளின் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. அடுப்பைத் தணித்துவிட்டு சன்னல் திரையை இழுத்து விடுகிறாள்; அவன் முகத்தில் இரவாகிறது. மார்பில் கவிழ்ந்து கிடக்கும் புத்தகத்தை அவள் எடுக்கவில்லை. அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும்.