முகத்துக்கு நேராக

மேலதிகாரியின் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்லத் தெரிந்த ஒரே மனிதர், இந்தக் கூட்ட அறையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் குழுத்தலைவர்தான். அவரே அப்படித்தான் சொல்கிறார். "வெளிநாட்டுக்காரங்ககிட்ட ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை. நம்மாளுங்கதான் எதைக் கேட்டாலும் பூம்பூம் மாடு மாதிரி மண்டைய ஆட்டுறது." மென்பொருள் டெஸ்டிங் பார்க்கும் பெண்ணின் கால் மேசைக்கடியில் நிற்காமல் ஆடுகிறது. "அண்ணா, வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு ஆபரேஷன். அன்னைக்கு டெஸ்டிங் வேணாம்னு மறக்காம சொல்லிடுங்க." "நான் எதுக்கும்மா இருக்கேன்?" என்று பேனாவை டிக் டிக்கென்று அமுக்குகிறார். ஏசி காற்றில் ஜன்னல் திரையின் கயிறு கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. சுவர்த்திரையில், கடல் கடந்த மேலதிகாரி வெயில் விழுந்த மேசையோடு தோன்றிச் சிரிக்கிறார். "வெள்ளிக்கிழமை டெஸ்டிங்கை முடித்துவிடலாமா? சிரமம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்." பேனாச் சத்தம் நிற்கிறது. எல்லோரும் தலைவரைப் பார்க்கிறார்கள். அவர் தொண்டையைச் செருமுகிறார், காலைக் கீழே இறக்குகிறார், சட்டைக் காலரை இழுத்துவிடுகிறார். "அருமை, நன்றி!" என்று மேலதிகாரி மறைகிறார். அந்தப் பெண் கைப்பேசியை எடுத்து அக்காவின் எண்ணைத் தேடுகிறாள். கறுத்துப்போன திரையில் தெரியும் தலைவரின் தலை இன்னும் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கிறது.