இடது காலுறை

காலுறையைக் கழற்ற அவன் விடவில்லை.

தங்கையின் இடது பாதத்தை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தபடி கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். வலது பாதம் வெறுமனே கிடந்தது.

தாய்மாமா வெள்ளைத் துணியில் ஒரு கீற்றுக் கிழித்து வைத்துக்கொண்டு நின்றார். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். உடம்பு விறைப்பதற்குள் கட்டிவிடணும் மருமகனே என்று தணிந்த குரலில் சொல்லிப் பார்த்தார்.

அவன் கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலேயே அந்தக் காலுறையை மாட்டிவிட்டவன் அவன்தான்.

கட்டைவிரலுக்கு அடியில் பட்டாணி போல ஒரு எலும்பு உண்டு. தங்கை இசக்கிக்கு இடது காலில் அது உடைந்திருந்தது. எக்ஸ்ரே பார்த்தவர்கள் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார்கள். மாநிலப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குத் தெரிந்தால் ஓடுகிற ஸ்பைக்ஸ் ஷூவை அடுப்பில் வைத்துவிடுவாள் என்று சிரித்தாள் இசக்கி.

அவள் விரலுக்கு அவன் டேப் சுற்றிவிட்டான்.

வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தான்.

வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஜெயித்தாள். மறுபடியும் போட்டுக்கொண்டாள்.

வயிறு புண்ணாகி உள்ளேயே ரத்தம் கொட்டியிருக்கிறது, மாத்திரை ஏதும் தின்றாளா என்று டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். தலையாட்டினான். அப்போது எல்லாம் முடிந்திருந்தது.

அம்மாவிடம் காய்ச்சல் என்றான்.

அப்படிக் காலு கொண்ட பிள்ளை ஒரு காய்ச்சலுக்கா போகும் என்று வாசலில் பெண்கள் மாய்ந்து மாய்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

உறையை எடுத்தால் விரல் தெரியும். அம்மா கேட்பாள். ஒன்றை மறைக்க இன்னொன்று என்று எவ்வளவு தூரம் போவது.

மாமா குனிந்து அவன் கைகளைப் பிரித்தார். காலுறையை உருவினார்.

விரல் வீங்கிக் கறுத்திருந்தது.

அவர் எதையும் கவனிக்கவில்லை. துணியைச் சுற்றி இழுத்தார்.

"மெல்லக் கட்டுண்ணே."

தலைமாட்டில் இருந்த அம்மா சொன்னாள். விடிந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு.

"அந்த விரலத் தொட்டாலே துடிச்சிருவா."

மாமாவின் கை நின்றது.

அம்மா நகர்ந்து வந்து முடிச்சைத் தளர்த்தினாள். துணிக்கும் விரலுக்கும் நடுவே தன் சுண்டுவிரலை நுழைத்து, இறுக்கம் இல்லையே என்று பார்த்தாள். டேப் சுற்றி முடித்ததும் அவன் பார்ப்பது அப்படித்தான்.

அவன் எப்போதும் கதவைச் சாத்திவிட்டுத்தான் சுற்றுவான்.