கடைசியில் வந்தவள்

"அவ பேரை இந்த ஓட்டத்துலேருந்தே அடிச்சிடுங்க டீச்சர்!"

பஸ் ஓட்டும் அப்பா, முதல் தடவையாக லீவு போட்டு மகளின் விளையாட்டு விழாவுக்கு வந்திருந்தார். வந்த இடத்தில் மானம் போயிற்று. நாலு கிலோமீட்டர் ஓட்டத்தில் மகள் கடைசி. அவள் கோட்டைத் தொடும்வரை பள்ளிக்கூடமே எழுந்து நின்று கைதட்டியது.

"கைதட்டலா அது? கிண்டல்!"

"இங்க யாரும் கிண்டல் பண்ண மாட்டாங்க சார்," என்றார் விளையாட்டு டீச்சர்.

அப்பா மகளிடம் திரும்பினார். "வீட்டுல மாடிப்படிய மூணு மூணா தாவுறவ, இங்க வந்து ஆமையா ஊர்றே! அந்தப் பொடிசுகூட மூச்சு வாங்கிக்கிட்டே உன்னை முந்திடுச்சு. நீ பின்னாடி வந்துக்கிட்டு அதுக்குத் தைரியம் வேற சொல்றே!"

"சொல்லுவேன்."

"வெக்கமா இல்ல?"

"இல்ல."

"இனிமே ஓட மாட்டேன்னு டீச்சர்கிட்ட சொல்லு."

"ஓடுவேன்."

"பாத்தீங்களா டீச்சர், எப்படி எதுத்துப் பேசுறா!"

டீச்சர் வாயைத் திறக்குமுன் மகள் எழுந்தாள்.

"இந்தப் பள்ளிக்கூடத்துல எந்தப் பிள்ளையும் கடைசியா வந்துட்டோமேன்னு அழக்கூடாதுப்பா. அதுக்காக ஒருத்தி எல்லாருக்கும் பின்னாடி ஓடணும். அந்த இடம் சும்மா கிடைக்காது. முந்தின வருஷம் முதல்ல வந்தவளுக்குத்தான் குடுப்பாங்க."

அப்பா விழித்தார்.

"அப்போ போன வருஷம் நீ... என்கிட்ட ஏன் சொல்லல?"

"மெடலைக் கழுத்துல போட்டுக்கிட்டு வந்து சொன்னேன். நீங்க போனைப் பாத்துக்கிட்டே 'ம்'னீங்க."