ராணி செத்தாளா, இல்லையா

ஆஸ்பத்திரி வார்டில் வேதவல்லிக்கு மருந்து நெடியைவிட ஒரு நாவல் ராணியைப் பற்றிய பேச்சுதான் குமட்டியது. வேதவல்லியின் கணவர் தனபாலும் பக்கத்துக் கட்டில் ஹமீதும் ஒரே மாயாஜால நாவல் வரிசையின் பைத்தியங்கள். ராணி மாய நெருப்பில் எரிந்து செத்துவிட்டாள் என்பது தனபாலின் கட்சி. அரச ரத்தத்தை அந்த நெருப்பு சுடாது, அவள் காக்கையாகி எங்கோ பறக்கிறாள் என்பது ஹமீதின் கட்சி. அடுத்த பாகம் இன்னும் வந்தபாடில்லை.

"நீங்க ரெண்டு பேரும் இருதய நோயாளிங்கதானா? இல்லாத ராணிக்கு எதுக்கு இத்தனை சத்தம்?" என்று அவளும் கத்திப் பார்த்தாள்.

அன்று காலை ஹமீதை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். முந்தின நாள் சண்டையின் கோபத்தில் தனபால் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஹமீதுக்குத் துணைக்கு ஆள் இல்லை. "ஆண்டவனே" என்று அலுத்துக்கொண்டே எழுந்த வேதவல்லி, அவர் கையைப் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

"அண்ணே, ராணி சாகலைன்னுதான் எனக்கும் தோணுது" என்றாள், ஒரு பக்கம்கூடப் படித்திராதவள்.

ஹமீதின் முகம் மலர்ந்தது. "எதை வச்சும்மா சொல்றே?"

ஆபரேஷன் அறையின் கதவு வந்துவிட்டது.

"இப்படி மல்லாந்து படுத்துக்கிட்டா கேக்கறது? எழுந்து வாங்க, உக்காந்து சண்டை போடுவோம்" என்றாள்.