அணில் ஆள் வைத்துப் பார்த்த வேலை

வேப்பமரத்தில் அணிலுக்குச் சொந்தமாகப் பழைய பொந்து ஒன்று இருந்தது. மழைக்கு முன் அதைச் சரிசெய்து வாடகைக்கு விடுவதாக ஒரு கிளி ஜோடியிடம் வாக்குக் கொடுத்திருந்தது.

"மொத்த வேலையையும் என்கிட்ட விட்டுடு" என்றது காக்கா மேஸ்திரி.

"வேண்டாம்ண்ணே, நானே ஆள் வச்சுப் பார்த்துக்கறேன்."

வாசலைப் பெரிதாக்க மரங்கொத்தியையும், மண் பூசக் குளவியையும் அணில் பேசி வைத்தது.

"குளவி எவ்வளவு கனமாப் பூசும்னு தெரியாம எப்படிக் கொத்தறது?" என்றது மரங்கொத்தி.

"அவர் எவ்வளவு கொத்துவார்னு தெரியாம எப்படிப் பூசறது?" என்றது குளவி.

இரண்டுக்கும் நடுவே அணில் பத்து நாள் ஓடியது. வானம் கறுத்தது. அன்றைக்குத்தான் அதற்கு ஒரு சந்தேகம் எழுந்தது. இவர்கள் ஒருவரையொருவர் பார்த்தாவது இருக்கிறார்களா?

இரண்டையும் ஒரே நேரத்தில் வரச் சொன்னது.

"ஓ, நீங்கதானா அது!" என்றது குளவி.

பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்துவிட்டது.

கிளிகள் வந்து பார்த்துச் சொக்கிப்போயின. "யாரு எடுத்துச் செஞ்ச வேலை இது?"

"நான்தான்" என்றது மரங்கொத்தி.

"நான்தான்" என்றது குளவி.

அணில் வாயைத் திறந்தது. பிறகு, "எப்போ குடிவர்றீங்க?" என்று மட்டும் கேட்டது.